பவானியில் இரண்டு தொட்டி கடல்

மார்ச் 2

பிருந்தா இனிப் பிரசவம் முடியும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எட்டாம் மாதம், ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. பாத்ரூமுக்குப் போகலாம், வரலாம். மற்றதெல்லாம் படுத்தபடிதான்.

என் மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப என்ற தொட்டிய யாருங்க பாக்கறது?" டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரி ருக்குமணியும் என்னைப் பார்த்தாள். மூலையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்த நர்ஸ்கூட நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். ரிடையர் ஆனவன் சும்மா இருக்கிறான் என்பது ஊருக்கே தெரிந்திருக்கிறது. சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தகர ஷெட், அதற்குள் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு. ஆற்று இறால் குஞ்சு பொரிக்க வைத்து, குட்டை வைத்திருக்கிறவர்களுக்குக் கொடுப்பது பிருந்தாவின் தொழில். மீன்வளம் படித்தவள். கல்யாணமாகி ஈரோடு போன பிறகும் தினமும் ஸ்கூட்டியில் பவானிக்கு வந்து போனாள். முதல் தடவை கடலோரத்திலிருந்து லாரியில் தண்ணீர் வரவழைத்தாள். அந்த லாரி அதற்கு முன்னால் எதை ஏற்றியதோ, குஞ்செல்லாம் இரண்டு நாளில் போச்சு. இரண்டாம் தடவை கரண்ட் போய், காற்று மோட்டார் நின்று, அதுவும் போச்சு. இப்போது மூன்றாம் தடவை.

இதிலும் தேறாவிட்டால் ஷெட்டைப் பிரித்துவிடுவது என்று பேச்சு. பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்துவர நடந்த கட்டுச்சோறு விருந்தன்று சம்பந்தியம்மா ஆரம்பித்தார், நான்தான் முடித்து வைத்தேன். எங்கள் கார் வெயிலில் நின்று பெயின்ட் உரிகிறது, ஷெட் இருக்கிற இடத்தில் நிறுத்தலாம் என்றேன். பிருந்தா கையிலிருந்த வளையல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 4

ஆற்றில் வாழ்கிற பிராணிக்குக் கடல் தண்ணீர் எதற்கு என்று கேட்டேன்.

"சினையானா அம்மா இறால் கடல் சேர்ற எடத்துக்குப் போகுமுங்கப்பா. குஞ்சு உப்புத் தண்ணீலதான் பொழைக்கும். ஒரு மாசம் போனா நல்ல தண்ணிக்குத் திரும்பி வந்துரும்."

"உன்னையாட்டவே" என்றாள் ருக்குமணி. "பிரசவத்துக்கு மட்டும் எடம் மாறிக்குது."

கடலைப் பார்க்க இங்கிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். லாரியை இனி நம்ப முடியாது. ஆகவே கடலை நாமே செய்துகொள்வது என்று பிருந்தா முடிவெடுத்திருக்கிறாள். குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் ஆயுசைக் கழித்தவன் நான். ஒரு லிட்டரில் உப்பு ஐந்நூறு மில்லிகிராமைத் தாண்டினாலே முகம் சுளிப்பேன். கடலில் முப்பத்தைந்தாயிரம். இறால் குஞ்சுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதுமாம். என் கையாலேயே நல்ல தண்ணீரைக் கெடுக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது.

அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல நான் ஷெட்டில் எடை போட்டேன். ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. தொட்டிக்குச் சாதா உப்பு எட்டு கிலோ. சோடியம் சல்பேட், கால்சியம் குளோரைடு, பொட்டாசியம், ஒரு பிடி சோடா உப்பு. எல்லாம் என் கணக்கோடு ஒத்துப்போயின. மெக்னீசியம் குளோரைடு மட்டும் மூன்றே முக்கால் கிலோ என்றாள். எனக்கு இடித்தது. மூலக்கூறு எடை தொண்ணூற்றைந்து என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்றே முக்கால் கிலோதான் வருகிறது. பிள்ளை எங்கோ இரண்டால் பெருக்கிவிட்டாள். மாசமாக இருக்கிறவள், மண்டை கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். சொன்னால் மனசு கஷ்டப்படுவாள். சத்தமில்லாமல் ஒன்றே முக்காலே போட்டேன்.

லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம் காட்ட வேண்டிய உப்பு மீட்டர் கடைசியில் கொஞ்சம் கீழே நின்றது. தொட்டிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சாதா உப்பு சேர்த்தேன், டாண் என்று பன்னிரண்டு. கை இன்னும் பழக்கம் மறக்கவில்லை.

"எல்லாம் நான் சொன்னபடிதானுங்களே?"

"எல்லாம் சரியா இருக்குது. நீ தூங்கு கண்ணு."

மெக்னீசியம் மூட்டை பாதிக்கு மேல் அப்படியே மிச்சம். அது வேறு காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துத் தரையை நனைக்கிறது. இப்படி வேர்க்கிற சாமானை இவ்வளவு எதற்கு வாங்கினாளோ.

மார்ச் 7

சினை இறால்கள் வந்தன. நீல நிறக் கால்கள், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். வயிற்றுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் முட்டை அப்பிக் கிடக்கிறது. ஆரஞ்சாக இருந்தால் நாளாகும், சாம்பலானால் இன்றோ நாளையோ என்று பிருந்தா சொன்னாள். அவளுக்குப் போனில் படம் எடுத்துக் காட்டினேன். "நல்ல கலருங்கப்பா" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாயிற்று.

மார்ச் 8

பொரிந்துவிட்டன. ஆயிரக்கணக்கில்.

மார்ச் 10

குஞ்சு என்று பெயர்தான். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரிகிறது. தலைகீழாக மிதக்கின்றன. போவதும் பின்பக்கமாக, வாலை முன்னே விட்டுக்கொண்டு. ஆண்டவன் படைப்பில் இதற்கு மட்டும் எந்தப் பக்கம் மேலே என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. பெரியதாகி அடியில் இறங்கும்போது நிமிர்ந்துகொள்ளுமாம். அன்றைக்குத்தான் நாம் ஜெயித்தோம் என்று அர்த்தம் என்றாள் பிருந்தா.

"ஏனுங்க, சாப்புட வாறீங்ளா இல்லையா, மணி ரெண்டரை" என்று ருக்குமணி வந்து நின்றாள். ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரமா நின்றிருக்கிறேன். வேலையென்று ஏற்றுக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், அதுதான்.

மார்ச் 13

குஞ்சுக்குத் தீனி முட்டைக் கூழ். ருக்குமணி இட்லிப் பாத்திரத்தில் முட்டையையும் பால்பவுடரையும் ஆவியில் வேகவைத்து, டீ வடிகட்டியில் தேய்த்துக் கொடுக்கிறாள். "எனக்கு ஒரு நாளாவது இப்புடிச் செஞ்சு குடுத்திருக்கறயா?" என்றேன். "நீங்க ஆத்து எறாலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தினமும் வெக்கையில் ஆவியாகிப் போகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே கிடக்கும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் தேவையில்லை.

ஊற்றும்போது ஒரு யோசனை. ஆற்றுத் தண்ணீரில் அதிகம் இருப்பது கால்சியம். கடலில் பார்த்தால் சோடியம்தான் ராஜா. அவ்வளவு கால்சியமும் எங்கே போச்சு? சிப்பியும் நத்தையும் ஓடு கட்ட எடுத்துக்கொள்கின்றன. சோடியத்தை யாரும் சீண்டுவதில்லை. ரிடையர் ஆன ஆள் மாதிரி வந்த இடத்திலேயே உட்கார்ந்து சேர்ந்துகொண்டே போகிறது. எந்தக் கடலில் மொண்டாலும் இந்தச் சாமான்களின் விகிதம் அநேகமாக ஒன்றுதானாம். உப்பு கூடலாம், குறையலாம், பங்கு மாறாது. இத்தனை வருஷம் தண்ணீரிலேயே இருந்தும் இதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததில்லை. சாயங்காலம் பிருந்தாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி நான் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 15

நல்ல நாள். எழுத நேரமில்லை.

மார்ச் 18

இரண்டாம் தொட்டியின் அடியில் கொஞ்சம் செத்துக் கிடந்தன. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டேன். பிருந்தாவிடம் சொல்லவில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கா.

ருக்குமணியின் கூழ் கெட்டியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். சொன்னேன், சண்டை.

மார்ச் 20

இரண்டு தொட்டியிலும் சாகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இறால் வளர வளரத் தோலை உரித்துப் போட வேண்டும். செத்ததெல்லாம் பழைய தோலிலிருந்து பாதி வெளியே வந்து, மீதி வர முடியாமல், அப்படியே நின்று போனவை. பார்க்கச் சகிக்கவில்லை.

கூழைத் தண்ணியாக்கச் சொன்னேன். ஹீட்டரை மாற்றினேன். காற்றுக் குமிழி விடுகிற கல்லைக் கழுவினேன். உப்பு மீட்டர் பன்னிரண்டுதான் காட்டுகிறது. தண்ணீர் என் பொறுப்பு, தண்ணீரில் ஒரு குறையும் கிடையாது.

பிருந்தாவிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 21

மாப்பிள்ளை கோகுல் வந்தார். கதவு சாத்தியிருந்தாலும் பிருந்தாவின் பேச்சு வெளியே கேட்டது.

"எனக்குக் கைராசி இல்லீங்க. மூணு தடவை ஆச்சு. அத்தைகிட்டச் சொல்லிருங்க, ஷெட்டைப் பிரிச்சுக்கட்டும்."

"இன்னும் பாதிக்கு மேல உசுரோட இருக்குதே" என்றார் மாப்பிள்ளை. நல்ல மனுஷன்.

"லாரின்னாங்க, கரண்ட்டுன்னாங்க, சரி. இப்ப எல்லாத்தையும் நானே கணக்குப் போட்டேன். அப்பாவே எடை போட்டாங்க. அப்பறமும் சாகுதுன்னா, தப்பு எங்கிட்டத்தான இருக்கோணும்?"

நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். கை ராசியாம். வேதியியலில் என்ன கை ராசி. கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 22

பழைய ஆபீசுக்குப் போய்ப் பியூரெட் என்கிற அளவுக் குழாயும் கரைசல்களும் கடன் வாங்கி வந்தேன். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து எவ்வளவு என்று பார்க்கிற கடினத்தன்மைச் சோதனை. எங்கள் பிழைப்பில் கடினத்தன்மைதான் வில்லன். குழாயை அடைக்கும், சோப்பை நுரைக்க விடாது. இவ்வளவு நாளும் இதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உப்புத் தண்ணீரில் போய்க் கடினத்தன்மை பார்ப்பது, கல்யாண வீட்டில் சாப்பாடு உண்டா என்று கேட்பது மாதிரி.

உண்மையைச் சொன்னால், பிள்ளை சொன்ன கணக்கு எங்கோ கூடிவிட்டது என்று காட்டத்தான் இதை ஆரம்பித்தேன்.

திராட்சை நிறத்தில் இருந்த கரைசல் நீலமாக மாற வேண்டும். பியூரெட்டிலிருந்து எவ்வளவு விட்டால் மாறுகிறது என்பதுதான் கணக்கு. லிட்டருக்கு இரண்டாயிரம் மில்லிகிராமுக்கு மேல் வர வேண்டியது, ஆயிரத்து இருநூறிலேயே பளிச்சென்று நீலம். மறுபடி செய்தேன். நீலம். பியூரெட்டைக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். அதே நீலம். கால்சியத்தைத் தனியாகப் பார்த்தேன், சரியாக இருந்தது. மெக்னீசியம்தான் பாதிகூட இல்லை.

ஷெட்டுக்குப் போய் அந்த வேர்க்கிற மூட்டையைத் திருப்பி லேபிளைப் படித்தேன். மெக்னீசியம் குளோரைடு, ஒரு மூலக்கூறோடு ஆறு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த படிகம். எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டுத்தான் பிள்ளை மூன்றே முக்கால் சொல்லியிருக்கிறாள். நான் போட்டது தண்ணீர் இல்லாத உப்பின் கணக்கு. மீட்டர் குறைந்தது அன்றைக்கே சொல்லிற்று, நான் சாதா உப்பைப் போட்டு அதன் வாயை அடைத்தேன்.

தோலுரிக்க மெக்னீசியம் வேண்டும்.

மார்ச் 23

குறைந்த மெக்னீசியத்தைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக இரண்டு தொட்டியிலும் விட ஆரம்பித்தேன். ஒரேயடியாக ஊற்றினால் தாங்காது. இன்னும் இரண்டு நாளாகும். யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 25

சாவு நின்றுவிட்டது. இன்று காலையில் அடியில் கிடந்ததெல்லாம் வெறும் தோல். முழுசாக, கண்ணாடி மாதிரி, உள்ளே யாரும் இல்லாத தோல். பாதிக்குக் கொஞ்சம் மேல் மிச்சமிருக்கின்றன, எல்லாம் துள்ளுகின்றன.

ஓடிப்போய்ச் சொன்னேன். பிருந்தா எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர்.

"என்னப்பா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணுல. தன்னால நின்னுருச்சு."

எப்படி என் வாயிலிருந்து அது வந்தது என்று தெரியவில்லை.

அவள் திரும்பத் தலையணையில் சாய்ந்துகொண்டாள். பிறகு சொன்னாள். "எதனால செத்துது, எதனால பொழைச்சுதுன்னு ரெண்டுமே தெரியாம அடுத்த தடவை எப்புடிங்கப்பா ஆரம்பிக்கறது? இதைக் கரை சேத்துக் குடுத்துட்டு, இதோட விட்டர்றனுங்க."

குஞ்சு பிழைத்துவிட்டால் என் தப்பு கரைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கரையவில்லை.

மார்ச் 26

சொல்லிவிட்டேன்.

காலையில் ருக்குமணி காபி கொடுக்கப் போனபோது கூடவே போனேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். நீ சொன்னது மூன்றே முக்கால், நான் போட்டது ஒன்றே முக்கால். நீ தப்பாகச் சொல்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். படிகத்தில் இருக்கிற தண்ணீரை மறந்துபோனேன். உன் கணக்கு முழுக்கச் சரி. நேற்றுக் கேட்டபோதும் பொய் சொன்னேன்.

ருக்குமணி டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

பிருந்தா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இப்ப எவ்வளவு சேத்தீங்க?" என்றாள். சொன்னேன். "எத்தனை நாளா?" சொன்னேன். "சோதிச்சீங்ளா?" சோதித்தேன் என்று எண்ணைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் குரல் உடைந்தது.

"ஜன்னலுக்கு இந்தப் பக்கந்தான படுத்திருந்தேன். ஏன் கண்ணு இவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனில்லீங்கப்பா."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வாரியத்தில் ஜூனியர் யாராவது இப்படி ஒரு எண் சொல்லியிருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பேன். மகள் என்பதால் கேட்காமலே திருத்தினேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 27

பிருந்தா என்னோடு பேசவில்லை. நான் கொண்டுபோன இளநீரை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 28

ருக்குமணி வந்து சொன்னாள். "இனிமேல் தண்ணி சோதனை தெனமும் ரெண்டு வேளையாமா. காலைல எட்டு மணிக்குள்ள நம்பர் அவ கைக்கு வந்தரோணுமாமா."

"அவளே சொன்னாளா?"

"பின்னே நானா சொல்றேன்? எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது."

ஏழே முக்காலுக்கே கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

பேசுகிறாள். திட்டத்தான், ஆனாலும் பேசுகிறாள். பொட்டாசியத்தை எந்தச் சோதனையில் பார்க்கலாம் என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். சிரித்தாள்.

ஏப்ரல் 9

முதல் குஞ்சுகள் நிமிர்ந்துவிட்டன. தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தலையை முன்னால் வைத்து, நேராக நடக்கின்றன. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. போனில் வீடியோ எடுத்து அவளுக்குக் காட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அதை மாப்பிள்ளைக்கு அனுப்பினாள், சிநேகிதிகளுக்கு அனுப்பினாள், பக்கத்து அறையில் இருந்த ருக்குமணிக்கும் அனுப்பினாள்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. தொட்டியில் நல்ல தண்ணீர் கலந்து கலந்து உப்பை இறக்கிக்கொண்டே வந்தோம், இன்று மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். குடிக்கிற தண்ணீர்தான். அதில் அவ்வளவு பேரும் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

ருக்குமணி மாங்காய்ப் பச்சடி கொண்டுவந்தாள். ஷெட்டிலேயே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 16

சத்தியமங்கலத்துக் குட்டைக்காரர் துரைராசு வந்து, ஆக்சிஜன் அடைத்த பைகளில் குஞ்சுகளை வாங்கிப்போனார். "உருப்படியான குஞ்சுங்க, நல்லாத் துள்ளுது" என்றார். அதை நான் சொல்வதைவிட அவர் சொல்லிப் பிருந்தா கேட்கட்டும் என்று ஜன்னல் பக்கம் அழைத்துப்போனேன். வண்டி தெரு முனை திரும்பும்வரை நின்றிருந்தேன். ஷெட் வெறிச்சென்று இருக்கிறது.

அடுத்த தடவை பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

பெண் குழந்தை. இருவரும் நலம். நான் அப்புச்சி ஆகிவிட்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லோரும் இருந்தோம். சம்பந்தியம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல விதமாகத்தான் ஆரம்பித்தார். "எப்புடியோ ஒரு தடவை பொழைக்க வெச்சுட்டா. ஆசை தீந்துச்சு. இனிப் புள்ளையப் பாக்கோணுமில்லீங்க. ஷெட்டைப் பிரிச்சர்லாமுங்களா சம்பந்தி? நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிருந்தா மட்டும் பார்க்கவில்லை. போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நாந்தான் சொன்னேனுங்க" என்றேன். "தெரியாமச் சொன்னேன். இந்தத் தடவை செத்ததெல்லாம் நான் சாகடிச்சதுங்க. அவ சொன்ன கணக்கை அவளுக்குத் தெரியாம மாத்திட்டேன். பொழைச்சது அவ கணக்குப்படி போட்டப்பறந்தான்."

சம்பந்தியம்மா பேத்தியின் துணியைச் சரிசெய்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த ஷெட்டுல நான் வேலைக்கு இருக்கறவனுங்க. பிரிக்கறதா, வேண்டாமான்னு வேலைக்காரன் எப்புடிச் சொல்றது? மொதலாளியம்மா அங்க படுத்திருக்கறாங்க, அவங்களையே கேளுங்க. புள்ளையப் பாத்துக்க நாங்க ரெண்டு பேரு இருக்கறோம்."

குழந்தை ஏதோ முனகியது. சம்பந்தியம்மா அதைத் தட்டிக்கொடுத்தபடியே, "என்ன கண்ணு சொல்றே?" என்று பிருந்தாவைக் கேட்டார்.

பிருந்தா என்னைத்தான் பார்த்துப் பேசினாள். "அப்பா, மூட்டைல மெக்னீசியம் எவ்வளவு மிச்சமிருக்குதுங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குக் காலையில் எடை போட வேண்டும். இன்னும் எவ்வளவு வாங்குவது என்று அவள் சொல்வாள்.